அவித்த முட்டையில் புரதம் எங்கே போகிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறார்: “புரதத்தின் நான்கு நிலைக் கட்டமைப்பையும் வகைகளையும் பாடமாக்கிவிட்டேன். கேட்டால் சொல்வேன், ஆனால் விளங்கவில்லை. சூடு புரதத்தின் கட்டமைப்பைக் குலைக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியென்றால் அவித்த முட்டையில் புரதம் இல்லையா? அம்மம்மா பச்சை முட்டையில்தான் சத்து என்று அடித்துக் குடிக்கச் சொல்கிறா. ஆட்டுக்கால் சூப் குடித்தால் முழங்கால் பலப்படும் என்றும் சொல்கிறா. எது சரி?”

முட்டைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புத்தகம் சரி. அம்மம்மா பிழை. புத்தகத்தை வைத்து நீங்கள் எடுத்த முடிவும் பிழை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பச்சையிலும் அவ்வளவுதான், அவித்தாலும் அவ்வளவுதான். போனது அதன் உருவம் மட்டும். இந்த உருவம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். நான்கு நிலைகளும் வகைகளும் அதற்குப் பின்னால் தானாக வரும். சூப்பைக் கடைசியில் பார்ப்போம்.

மட்டக்களப்பு வாவியில் வீசுகிற வலை என்ன நூலால் ஆனது? நைலோன். நைலோன் நூலைப் பெருப்பித்துப் பார்க்க முடிந்தால், ஒரே மாதிரியான முடிச்சு ஒன்று நெடுகிலும் வருவதைக் காணலாம்: ஒட்சிசனைப் பிடித்த ஒரு காபன், அதற்குப் பக்கத்தில் ஐதரசனைப் பிடித்த ஒரு நைதரசன். புரதத்தையும் அதே முடிச்சுத்தான் கோக்கிறது. புரதத்தில் வந்தால் அதற்குப் பெப்டைட்டுப் பிணைப்பு என்று பெயர். ஒரு அமினோ அமிலத்தின் காபொட்சிற் கூட்டமும் அடுத்ததன் அமினோக் கூட்டமும் சந்திக்கும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்று போகும், அந்த இடத்தில் முடிச்சு விழும். சாப்பிட்ட புரதம் சமிக்கும்போது நடப்பது இதன் மறுபக்கம்: நீரைச் சேர்த்து முடிச்சை அவிழ்ப்பது.

முடிச்சு ஒன்றுதான் என்றால் நைலோன் ஏன் வலையோடு நின்றுவிட்டது, புரதம் மட்டும் ஏன் முடியாகவும் இரத்தமாகவும் பாம்பு விசமாகவும் வருகிறது? நைலோனில் இரண்டு துண்டுகள்தான் மாறி மாறி வருகின்றன. சில வகை நைலோனில் ஒரே துண்டுதான். புரதத்தில் வரக்கூடிய துண்டுகள் 20. எல்லா அமினோ அமிலத்துக்கும் நடுவில் ஒரு காபன் உண்டு. அதற்கு நான்கு கைகள். மூன்று கைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே சாமான்தான்: அமினோக் கூட்டம், காபொட்சிற் கூட்டம், ஒரு ஐதரசன். நாலாவது கையில்தான் வித்தியாசம். அதைப் பக்கச் சங்கிலி என்போம். கிளைசீனுக்கு அது வெறும் ஐதரசன். லைசீனுக்கு நேரேற்றம் கொண்ட நீண்ட வால். குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிரேற்றம். வலீன், லியூசீன் போன்றவை எண்ணெய்த் தன்மையானவை, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். சிஸ்டீனுக்குக் கந்தகம். முட்டை அவிக்கும்போது வரும் அந்த மணம் அந்தக் கந்தகத்திலிருந்துதான் வருகிறது. கூட நேரம் அவித்த முட்டையில் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் வளையம் ஒன்று படியுமே, அது அதே கந்தகம் மஞ்சட்கருவின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் இரும்புச் சல்பைட்டு.

இருபதும் எந்த வரிசையில் வருகின்றன என்பதுதான் முதலாம் நிலைக் கட்டமைப்பு. வேறொன்றுமில்லை, வரிசை மட்டும்தான். மூன்றே மூன்று அமினோ அமிலம் கொண்ட சங்கிலியைக்கூட 8,000 விதமாகக் கோக்கலாம். ஒரு புரதத்தில் வரிசை எப்போதும் ஒன்றுதான் என்பதே ஒரு காலத்தில் நிச்சயமில்லாமல் இருந்தது. ஃபிரெடரிக் சாங்கர் கேம்பிரிட்ஜில் பல வருடம் இன்சுலினைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, 1955 அளவில் முழு வரிசையையும் கண்டுபிடித்த பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகளில்: ஒன்றில் 21, மற்றதில் 30. கந்தகப் பாலம், அதாவது இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் சேரும் பிணைப்பு, மூன்று. 1958இல் அவருக்கு நோபல் கிடைத்தது. 1980இல் டீஎன்ஏ வரிசைக்காக இரண்டாவதும் கிடைத்தது.

இரண்டாம் நிலைக்குப் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இங்கே பக்கச் சங்கிலிகள் நேரே கைகோப்பதில்லை. முடிச்சுகளால் கோத்த நடுச் சங்கிலி, அதாவது முதுகெலும்பு, மட்டும்தான். ஒரு முடிச்சின் ஒட்சிசன், தள்ளியிருக்கும் இன்னொரு முடிச்சின் ஐதரசனை இழுக்கிறது. அது ஐதரசன் பிணைப்பு. அந்த இழுவையில் சங்கிலி சுருண்டால் அல்பாச் சுருள். சங்கிலியின் பகுதிகள் பக்கத்துப் பக்கத்தில் படுத்து மடிந்தால் பீற்றாத் தகடு. அல்பாச் சுருளைக் கண்டுபிடித்தவர் லைனஸ் போலிங். 1948இல் ஒக்ஸ்போர்டில் தடிமன் பிடித்துக் கட்டிலில் கிடந்தபோது, ஒரு கடதாசியில் சங்கிலியை வரைந்து அதை மடித்து மடித்துப் பார்த்துத்தான் அந்த எண்ணத்துக்கு வந்தார். ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் பிடித்த பிடிவாதத்தை அவர் பிடிக்கவில்லை. கட்டுரை வந்தது 1951இல்.

சுருளுக்கு உதாரணம் உங்கள் தலையிலேயே இருக்கிறது. முடி கெரட்டின் என்ற புரதம். சுருள்கள் இரண்டிரண்டாக முறுகி, கயிறு திரித்த மாதிரிக் கிடக்கும். தலை நனைந்தால் தண்ணீர் அந்த ஐதரசன் பிணைப்புகளுக்குள் புகுந்து அவற்றைத் தளர்த்தும், காய்ந்தால் பழையபடி. அதனால்தான் ஈரமுடியைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் அலை அலையாக இருக்கிறது, குளித்ததும் அது போய்விடுகிறது. பார்லரில் நிரந்தரமாக நேராக்குவது வேறு. அங்கே மருந்து பூசிக் கந்தகப் பாலங்களையே உடைத்து, முடியை இழுத்து வைத்து, இன்னொரு மருந்தால் பாலங்களைப் புது இடத்தில் திரும்பக் கட்டுகிறார்கள். தலையில் ஊற்றும் தண்ணீருக்கு அந்தப் பாலம் அசையாது.

தகட்டுக்கு உதாரணம் பட்டு. கூறைச் சேலையின் இழை, ஃபைப்ரோயின் என்ற புரதத்தின் பீற்றாத் தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்தது. கிளைசீன், அலனீன் போன்ற சின்னப் பக்கச் சங்கிலிகளே மாறி மாறி வருவதால் தகடுகள் நெருங்கிப் படியும். மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சாரம் அப்படியில்லை. பருத்தி செலுலோசு, அது காபோவைதரேற்று. உருவிய ஒரு நூலை நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகும். பட்டு முடி கருகும் மணத்தோடு சுருண்டு கட்டியாகும். கடைக்காரரின் சத்தியத்தைவிட இந்தச் சோதனையை நம்பலாம். சேலையில் அல்ல, கழன்று தொங்கும் ஒரு நூலில் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் அம்மம்மாவிடம் நான் பேச்சு வாங்க வேண்டிவரும்.

இனி மூன்றாம் நிலை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், முட்டைக் கேள்வியும் இங்கேதான் கிடக்கிறது. சுருளும் தகடும் உண்டான சங்கிலி அப்படியே நீட்டி நிற்காது, தன் மேலேயே மடிந்து ஒரு குறிப்பிட்ட உருவத்துக்கு வரும். இப்போது பக்கச் சங்கிலிகளுக்கு வேலை வந்துவிட்டது. தண்ணீரை வெறுப்பவை உள்ளே ஒளியும், விரும்புபவை வெளியே நிற்கும். நேரேற்றமும் எதிரேற்றமும் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டு சிஸ்டீன்கள் சந்தித்தால் கந்தகப் பாலம் விழும். இதில் பெரிய பங்கு அந்தத் தண்ணீர் வெறுப்புக்குத்தான். சொதியின் மேல் தேங்காய் எண்ணெய் துளித் துளியாக ஒன்றுசேருமே, அதே சங்கதி.

இந்த மடிப்பை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கிறிஸ்டியன் அன்பின்சன் இதைச் சோதித்துப் பார்த்தார். 124 அமினோ அமிலமும் நான்கு கந்தகப் பாலமும் கொண்ட ரைபோநியூக்கிளியேசு என்ற நொதியத்தை (இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும் புரதம்) எடுத்து, யூரியாவும் பாலத்தை உடைக்கும் மருந்தும் சேர்த்து முழுதாக அவிழ்த்தார். வேலை நின்றுவிட்டது. பிறகு அந்த இரண்டையும் மெதுவாக அகற்றினார். சங்கிலி தானாகவே பழைய உருவத்துக்கு மடிந்து பழையபடி வேலை செய்யத் தொடங்கியது. உருவத்துக்கான கட்டளை முழுவதும் வரிசைக்குள்ளேயே எழுதியிருக்கிறது என்பது இதில் தெரிந்தது. 1972இல் நோபல். வரிசையைப் பார்த்து உருவத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்ற புதிர் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு விஞ்ஞானிகளை அலைக்கழித்தது. 2020இல் அல்பாஃபோல்ட் என்ற கணினி நிரல் அதில் பெரும்பகுதியைத் தீர்த்துவைத்தது. அதற்காக டெமிஸ் ஹசாபிசுக்கும் ஜோன் ஜம்பருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கும் 2024இன் இரசாயன நோபல் கிடைத்தது.

சரி, முட்டைக்கு வருவோம். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மிச்சம் பெரும்பாலும் புரதம். அந்தப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவல்புமின், 385 அமினோ அமிலம் கொண்ட ஒரு பந்து. பச்சையாக இருக்கும்போது பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தண்ணீரில் மிதக்கின்றன, வெளிச்சம் தடையில்லாமல் ஊடுருவுகிறது. ஆகவே கண்ணாடி மாதிரி இருக்கிறது. அடுப்பில் வைத்ததும் பந்துகள் நடுங்கத் தொடங்குகின்றன. 60 பாகை கடந்ததும் சில புரதங்களும், 80 பாகைக்கு மேல் ஓவல்புமினும் அவிழ்கின்றன. உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய்த் தன்மையான பகுதிகள் வெளியே வந்துவிடுகின்றன. அவற்றுக்குத் தண்ணீர் பிடிக்காது. பக்கத்துச் சங்கிலியில் அதே நிலைமையில் நிற்கும் பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. எல்லாம் எல்லாவற்றையும் பிடித்து ஒரு வலையாகிறது, தண்ணீர் அந்த வலையின் கண்களுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெளிச்சம் சிதறுகிறது, வெள்ளையாகிறது, கட்டியாகிறது. இவ்வளவுக்கும் ஒரு பெப்டைட்டுப் பிணைப்புக்கூட அறுந்ததாகச் சொல்ல முடியாது. இரண்டாம், மூன்றாம் நிலை போயிற்று, முதலாம் நிலை இருக்கிறது. புத்தகத்தில் உள்ள இயல்பிழத்தல் என்ற சொல்லின் பொருள் இதுதான்.

அன்பின்சனின் புரதம் திரும்ப மடிந்ததே, முட்டை ஏன் ஆறியதும் திரும்பப் பச்சையாவதில்லை? நல்ல பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. அவர் மிகக் கரைத்த கரைசலில், ஒன்றையொன்று தொடாதபடி அவிழ்த்தார். முட்டையில் கூட்டம் அதிகம். அவிழ்ந்தவை ஒன்றோடொன்று சிக்கிவிட்டன. கோயில் தேர் வடத்தை ஒருவர் தனியாக அவிழ்த்துத் திரும்பச் சுற்றலாம். நூறு வடங்களை ஒரே குவியலில் அவிழ்த்துப் போட்டால் அவ்வளவுதான்.

சமிக்கும் நொதியத்துக்கு இந்த அவிழ்ப்பு வசதி. மடித்துக் கட்டிய பந்துக்குள் புகுந்து முடிச்சைத் தேடுவதைவிட, அவிழ்ந்த சங்கிலியை வெட்டுவது சுகம். அதோடு பச்சை வெள்ளைக்கருவில் நமது சமிபாட்டு நொதியத்தைத் தடுக்கும் ஒரு புரதமும், பயோட்டின் என்ற விற்றமினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் அவிடின் என்ற புரதமும் இருக்கின்றன. சூடு அவற்றின் உருவத்தையும் குலைத்து அவற்றின் வேலையை நிறுத்திவிடும். மனிதரில் அளந்து பார்த்தபோது அவித்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 வீதமும், பச்சை முட்டையில் 50 வீதமளவும்தான் சிறுகுடலில் சமித்தது. பச்சை முட்டையில் சல்மொனெல்லா என்ற கிருமியின் பயமும் உண்டு. அம்மம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

இதே கதை நம் வீட்டுச் சட்டிகளில் வேறு வேடத்திலும் வரும். வாவி நண்டு உயிரோடு இருக்கும்போது நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறம், ஆணம் கொதித்ததும் செக்கச் சிவப்பு. அந்தச் சிவப்பு மசாலாத் தூளில் இருந்து வந்ததல்ல, நண்டின் ஓட்டிலேயே இருந்தது. அஸ்டாசாந்தின் என்ற அந்தச் சிவப்புப் பொருளை ஒரு புரதம் கட்டிப்பிடித்து வளைத்து வைத்திருப்பதால் அது நீலமாகத் தெரிந்தது. சூட்டில் புரதம் அவிழ, பிடி விடுகிறது, உண்மையான நிறம் வெளியே வருகிறது. இறாலிலும் இதுதான்.

எருமைத் தயிர் இன்னும் நுட்பமானது. முட்டையைச் சூடாக்கினால் கட்டியாகிறது, பாலை எவ்வளவு காய்ச்சினாலும் ஏன் கட்டியாவதில்லை? பாற்புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். கேசீனுக்கு முட்டைப் பந்து மாதிரியான இறுகிய மடிப்பு கிடையாது, ஏற்கெனவே தளர்ந்து கிடப்பது. அவிழ்க்க ஒன்றுமில்லாததைச் சூடு என்ன செய்யும்? கேசீன்கள் ஆயிரக்கணக்கில் கல்சியம் பொசுபேற்றோடு சேர்ந்து சின்னச் சின்ன உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. உருண்டைகளின் மேற்பரப்பில் எதிரேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. உறை போட்டதும் பற்றீரியா பாலிலுள்ள இலற்றோசைச் சாப்பிட்டு இலத்திக்கமிலம் விடுகிறது. பாலின் பீ.எச். (குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவு) 6.6இலிருந்து மெல்ல மெல்ல 4.6க்கு இறங்குகிறது. அந்த இடத்தில் ஏற்றம் பூச்சியமாகிவிடும், தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, உருண்டைகள் ஒன்றையொன்று பிடித்து வலையாகின்றன. தேசிக்காய்ப் புளியை ஒரேயடியாக ஊற்றினால் அதே புரதம் திரிதிரியாகத் திரைகிறது. மெதுவாகப் புளித்தால் வெட்டி எடுக்கிற மாதிரி உறைகிறது.

பாலை நன்றாகக் காய்ச்சி ஆறவிட்டு உறை போடச் சொல்வது கிருமிக்காக மட்டுமில்லை. பாலில் மிச்சமிருக்கும் ஐந்தில் ஒரு பங்கில் பீற்றா லற்றோகுளோபுலின் என்ற பந்துப் புரதம் இருக்கிறது. காய்ச்சும்போது அது அவிழ்ந்து கேசீன் உருண்டைகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அப்போதுதான் தயிர் தண்ணீர் விடாமல் திடமாக நிற்கும். எருமைப் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிடக் கூட, மண்சட்டி வேறு கொஞ்சத் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இவ்வளவும் சேர்ந்துதான்.

நான்காம் நிலையைச் சுருக்கமாக முடிக்கலாம். மடிந்த சங்கிலிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து ஒரே புரதமாக வேலை செய்தால் அந்தச் சேர்க்கைதான் நான்காம் நிலை. எல்லாப் புரதத்துக்கும் இது கிடையாது. பரீட்சையில் பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடம் இது. தசையில் ஒட்சிசனைச் சேமிக்கும் மயோகுளோபின் ஒற்றைச் சங்கிலி, அதற்கு மூன்றாம் நிலையோடு சரி. குருதியின் ஈமோகுளோபினுக்கு நான்கு சங்கிலிகள்: 141 அமினோ அமிலம் கொண்ட அல்பா இரண்டு, 146 கொண்ட பீற்றா இரண்டு, ஒவ்வொன்றிலும் ஈம் என்ற இரும்புள்ள கூறு. ஒரு சங்கிலி ஒட்சிசனைப் பிடித்ததும் அதன் உருவம் சற்று மாறி மற்றவற்றையும் தள்ளிவிடுகிறது. அடுத்தவை இன்னும் இலகுவாகப் பிடிக்கின்றன. நுரையீரலில் கெதியாக நிறைந்து, தசையில் தாராளமாக விட்டுக்கொடுப்பதற்கு இந்தக் கூட்டுவேலைதான் காரணம். இந்த இரண்டு புரதங்களின் உருவத்தையும் எக்ஸ்கதிரால் கண்டறிந்த ஜோன் கென்ட்ருவுக்கும் மக்ஸ் பெருட்சுக்கும் 1962இல் நோபல் கிடைத்தது.

முதலாம் நிலையில் ஒரு பிசகு நான்காம் நிலை வரை எப்படி ஏறும் என்பதற்கு அரிவாட்கலச் சோகையைக் காட்டலாம். பீற்றாச் சங்கிலியின் 146 இடங்களில் ஆறாவது இடத்தில் மட்டும் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வலீன். எதிரேற்றம் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்த் தன்மையான ஒரு புள்ளி வந்துவிடுகிறது. ஒட்சிசனை விட்டதும் ஒரு ஈமோகுளோபினின் அந்தப் புள்ளி அடுத்ததில் போய் ஒட்டும், அது அடுத்ததில். நீண்ட கம்பிகளாகி, செங்குருதிக் கலத்தையே அரிவாள் மாதிரி வளைத்துவிடும். நெல் வெட்டுகிற தாக்கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள், படம் தேவையில்லை.

வகைகளுக்கு வந்தால், புத்தகம் மூன்று விதமாகப் பிரித்திருப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம். ஒரே ஆளை ஊரால், தொழிலால், குடும்பத்தால் தனித்தனியாகச் சொல்வது போலத்தான் அது, மூன்றும் வேறு வேறு ஆட்களில்லை. உருவத்தால் பார்த்தால் நார்ப்புரதம், கோளப்புரதம். முன்னது நீண்டு, நீரில் கரையாமல், தாங்கி நிற்கும். பின்னது பந்தாகி, பெரும்பாலும் நீரில் கரைந்து, ஓடியாடி வேலை செய்யும். கலமென்சவ்வில் புதைந்து கிடப்பவை மூன்றாவது கூட்டம். சேர்க்கையால் பார்த்தால், அமினோ அமிலம் மட்டும் உள்ளவை எளிய புரதம், வேறொன்றும் சேர்ந்திருந்தால் இணைந்த புரதம். ஈம் சேர்ந்த ஈமோகுளோபினும் பொசுபேற்று சேர்ந்த கேசீனும் இரண்டாவதில் அடங்கும். தொழிலால் பார்த்தால் பட்டியல் நீளும்: நொதியம், ஓமோன், கடத்தி, சேமிப்பு, பாதுகாப்பு, அசைவு, தாங்கு. ஈமோகுளோபின் கோளப்புரதம், இணைந்த புரதம், கடத்திப் புரதம். மூன்றும் ஒரே நேரத்தில் சரி.

தொழிற் பட்டியலில் எல்லாவற்றையும் விரிக்கப் போவதில்லை, இரண்டை மட்டும் பார்ப்போம். பாதுகாப்புப் புரதம் என்றால் பிறபொருளெதிரி. ஆங்கில வை எழுத்தைப் போல மூன்று கிளை, இரண்டு பாரச் சங்கிலி, இரண்டு இலேசான சங்கிலி. இரண்டு நுனிகளின் உருவமும் எந்த அந்நியப் பொருளோடு பொருந்துகிறதோ அதைப் பிடிக்கும். அம்பாறையில் வயலில் கால் வைப்பவர்களுக்குக் கண்ணாடி விரியனைத் தெரியும். அதன் விசம் பெரும்பாலும் புரதங்களின் கலவை. குருதி உறையும் ஒழுங்கைக் குலைக்கும் நொதியங்கள் அதில் பல. ஆசுப்பத்திரியில் ஏற்றும் விசமுறிவு மருந்து, சிறிது சிறிதாக விசம் ஏற்றிப் பழக்கிய குதிரையின் குருதியிலிருந்து பிரித்த பிறபொருளெதிரி. விசத்தின் உருவத்துக்குப் பொருந்தி அதைப் பிடித்து முடக்குகிறது. ஆனால் குதிரைப் புரதம் நம் உடலுக்கும் அந்நியம்தான், ஆகவேதான் சிலருக்கு ஒவ்வாமை வரும், வைத்தியர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். கடித்த இடத்தை வெட்டியும் உறிஞ்சியும் மினக்கெடாமல் நேரே ஆசுப்பத்திரிக்குப் போகச் சொல்வது இந்த மருந்து அங்கே இருப்பதால்தான்.

ஓமோனுக்கு இன்சுலின். குளிசையாக ஏன் இல்லை என்று பலர் கேட்பார்கள். விழுங்கினால் அது வயிற்றுக்கு இன்னொரு முட்டை, நொதியங்கள் முடிச்சுகளை அவிழ்த்துவிடும். எங்கள் மாமா ஒருமுறை இன்சுலின் புட்டியைக் குளிர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஐஸ் உறையும் தட்டில் வைத்துவிட்டார். உறைந்தது, எடுத்து உருக்கிப் போட்டார், சீனி இறங்கவில்லை. புட்டியைத் தூக்கிப் பார்த்தால் வெளிச்சத்தில் மெல்லிய துணுக்குகள் மிதந்தன. 51 அமினோ அமிலமும் அங்கேதான் இருந்தன, வரிசையும் பிசகவில்லை. உறைந்ததில் உருவம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. சூடு மட்டும்தான் எதிரி என்று நினைத்ததில் வந்த வினை. குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் ஈரமணலுக்குள் வைத்த மண்பானையில் புட்டியை வைப்பார்கள். சித்திரை வெயிலில் மேசையில் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வரிசை அப்படியே இருக்க உருவம் மட்டும் மாறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரியன் என்ற ஒன்று உண்டு. மூளையில் சாதாரணமாக இருக்கும் ஒரு புரதம் பிழையாக மடிந்து, பக்கத்தில் உள்ள நல்லதையும் தன்னைப் போல மடிய வைக்கிறது. மாடுகளில் வந்த பைத்திய நோய்க்குக் காரணம் அதுதான். நோயைக் கடத்துவது கிருமியில்லை, ஒரு மடிப்பு என்று ஸ்டான்லி புரூசினர் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1997இல் நோபல் கொடுத்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இருபதில் 9 அமினோ அமிலங்களை நம் உடல் உண்டாக்காது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். சோற்றில் லைசீன் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெதியோனீன் குறைவு, சோற்றில் அது பரவாயில்லை. சோறும் பருப்புக்கறியும் ஒன்றையொன்று நிரப்பிவிடும். மீனும் முட்டையும் தயிரும் தனியாகவே ஒன்பதையும் தரும்.

இனி ஆட்டுக்கால் சூப். எலும்பிலும் தோலிலும் மூட்டைச் சுற்றிய இழையத்திலும் இருப்பது கொலாஜன், நம் உடலில் எல்லாவற்றிலும் அதிகமான புரதம். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு. இந்த மூவிழைச் சுருளின் மாதிரியை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜீ. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் வந்தே ஆகவேண்டும், ஏனென்றால் கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடம் காணாது. கயிறு இறுக விற்றமின் சீயும் தேவை. அது இல்லாவிட்டால் முரசு கசியும், புண் ஆறாது, அதுதான் ஸ்கேவி நோய். சூப்பை மணிக்கணக்கில் கொதிக்க வைக்கும்போது கயிறு பிரிந்து ஜெலற்றின் ஆகிறது. ஆறியதும் ஜெலி மாதிரித் தளதளவென்று நிற்பது அந்தப் பிரிந்த இழைகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். பச்சை அன்னாசித் துண்டு ஒன்றை ஜெலியில் போட்டால் அது உறையாது, அன்னாசியின் நொதியம் இழைகளை வெட்டிவிடும். இறைச்சியில் பப்பாசிக்காய் பூசினால் பதமாவதும் அதே வித்தை.

அந்த ஜெலற்றின் வயிற்றுக்குள் போனதும் அமினோ அமிலமாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் உள்ளே ஏறும். ஆட்டின் முழங்காலில் இருந்தோம், இனி இந்தப் பிள்ளையின் முழங்காலுக்குப் போவோம் என்று அவற்றுக்குத் தெரியாது. மற்ற எந்தச் சாப்பாட்டில் இருந்து வந்ததோடும் கலந்து, உடல் அந்த நேரத்தில் எதைக் கட்டுகிறதோ அதற்குப் போய்ச்சேரும். அதற்காக அம்மம்மா தரும் கோப்பையைத் தள்ளிவிடாதீர்கள். மிளகு நன்றாகப் போட்டு, கொத்தமல்லி இடித்துப் போட்டு, மழை நாளில் சுடச்சுடக் குடித்துப் பாருங்கள். முழங்காலுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் பரவாயில்லை.